இருநூற்று இருபத்தாறு வயிற்று வலிகள்

கோமதிநாயகம் ஏட்டு தம்முடைய சர்வீஸில் இருநூற்று இருபத்தாறு பேருக்கு வயிற்று வலி கொடுத்திருக்கிறார். அத்தனை பேரும் இறந்தவர்கள். இறந்த பிறகுதான் அவர்களுக்கு வயிற்று வலியே வந்தது. இந்த எண்ணிக்கை அவருக்கே தெரியாது. ஓய்வு பெற்று மூன்று வருஷம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, மடியில் இருந்த கணினிப் பலகையைப் பார்த்துச் சொன்னபோதுதான் தெரிந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் ருக்சானா. முப்பது வயதிருக்கும். சுகாதாரத் துறையில் கணினி இன்ஜினியர். பிறந்தது மேலப்பாளையம் என்பதால், சென்னைப் பேச்சுக்கு நடுவே திருநெல்வேலி அவ்வப்போது எட்டிப் பார்த்தது.

"ஏட்டையா, ஆலடிக்குறிச்சி ஸ்டேஷன்ல நீங்க இருபத்திரண்டு வருஷம் ரைட்டர். சரிதானா?"

"சரிதான்."

"அந்த இருபத்திரண்டு வருஷத்துல உங்க எல்லைக்குள்ள தற்கொலைன்னு பதிவானது முந்நூத்திப் பதினொண்ணு. அதுல இருநூத்தி இருபத்தாறு பேருக்கு உங்க கையெழுத்துல ஒரே காரணம்தான் எழுதியிருக்கு. 'தீராத வயிற்று வலி.' மொதல்ல நாங்க உங்க ஊர்த் தண்ணியத்தான் எடுத்து டெஸ்ட் பண்ணினோம்."

ஏட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற விஷயமா இது என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் ஆலடிக்குறிச்சி வாய்க்கால் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய், நாலு டாக்டர்கள் சோதித்துக்கொண்டிருக்கும் காட்சியை நினைத்துப் பார்த்தால் யாருக்கும் வரத்தான் செய்யும்.

ஸ்டேஷன் ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை. வருகிற வழக்குகளையெல்லாம் எழுதிப் பதிகிற ஏட்டு. அப்படியும், கோமதிநாயகம் கதையே எழுதவில்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது.

"என்னத்துக்கும்மா இப்பம் அந்தப் பழைய கட்டையெல்லாம் கிளறுதீங்க?"

ருக்சானா விளக்கினாள். அரசாங்கம் ஒரு கணினியைச் செய்திருக்கிறது. பெயர் துணை. ஓர் ஆள் உயிரை மாய்த்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறாரா என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பது அதன் வேலை. அதற்குத் தென் மாவட்டங்களின் நாற்பது வருஷத்து ஸ்டேஷன் பதிவுகளைக் கொடுத்தார்கள். மெடிக்கல் ஷாப் விற்பனை, ஆஸ்பத்திரிச் சீட்டு, சம்மதம் தந்தவர்களின் செல்போன் பழக்கம் எல்லாவற்றையும் கொடுத்தார்கள். இறந்தவர்கள் இன்னின்ன காரணத்தால் இறந்தார்கள் என்று படித்துவிட்டு, உயிரோடு இருப்பவர்களில் யாருக்கு அதே அறிகுறி தெரிகிறது என்று அது பார்க்கும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பட்டியல் வரும். சிவப்பு என்றால் ஆபத்து, பச்சை என்றால் பயமில்லை. சிவப்பில் இருப்பவர் வீட்டுக்கு இரண்டு பேர் போய் உட்கார்ந்து பேச வேண்டும்.

"இந்தத் தாலுகாவிலயும் பக்கத்து ரெண்டு தாலுகாவிலயும் எட்டு மாசமா ஓட்டிப் பாக்கோம். அறுபத்து மூணு பேரைச் சிவப்புன்னு சொல்லிச்சு. அறுபத்து மூணு பேரும் மெடிக்கல்ல வயித்து வலி மாத்திரை வாங்கினவங்க. பஸ் ஸ்டாண்டு பரோட்டாக் கடை மாஸ்டர் வீட்டுக்கு எங்காளுங்க நாலு தடவ போயிட்டாங்க. நாலாவது தடவ அவர் கையெடுத்துக் கும்பிட்டு, 'எம்மா, எனக்குச் சாகணும்னுல்லாம் இல்ல, சால்னாவுல காரத்தக் கொறைக்கணும், அம்புட்டுத்தான்'ன்னிருக்கார்."

ஏட்டு வாய்விட்டுச் சிரித்தார். ருக்சானா சிரிக்கவில்லை.

"அதே எட்டு மாசத்துல நெசமாவே இறந்து போனவங்க பதினொரு பேர், ஏட்டையா. ஒருத்தர் பேர்கூட பட்டியல்ல இல்ல. பதினொண்ணும் பச்சை."

அதோடு ஏட்டின் சிரிப்பு நின்றது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எம்மா, அது நோவு இல்ல. நாங்க எழுதுறது."

"அதுதான் எனக்குப் புரியணும்."

"ஒரு வீட்டுல ஒரு உசுரு போயிருது. பெரிய ஆஸ்பத்திரியில பிரேதம் கெடக்கு. ரைட்டர் எழுதிக் குடுத்தாத்தான் டாக்டர் வேலையத் தொடங்குவார். அப்பம் சொந்தக்காரங்க பத்துப் பேரோட மாமன்காரர் ஒருத்தர் ஸ்டேஷனுக்கு வருவார். எல்லாக் குடும்பத்துலயும் அப்படி ஒரு மாமன் உண்டு. 'ஏட்டையா, கொஞ்சம் பாத்து எழுதுங்க'ம்பார். மாமியார் கொடுமைன்னு எழுதுனா ஆர்.டி.ஓ. விசாரணை. காதல்னு எழுதுனா ரெண்டு தெருவும் வெட்டிக்கிடும். பரீட்சைன்னு எழுதுனா வாத்தியார் வீட்டுல கல்லு விழும். மனசு சரியில்லன்னு எழுதுனா, கூடப் பொறந்த தங்கச்சிய எவன் கெட்டுவான்? பைத்தியம் பிடிச்ச குடும்பம்னு சொல்லிருவான்லா. வயித்து வலின்னு எழுதுனா ஒருத்தனுக்கும் ஒண்ணும் இல்ல. பொழுது சாயிறதுக்குள்ள பிரேதம் வீட்டுக்கு வந்துரும். மறுநாள் பேப்பர்ல நாலு வரி. அதோட முடிஞ்சுது."

"டாக்டர் பாக்கும்போது தெரியாதா?"

"தெரியும். அவங்களும் இந்த ஊர்க்காரங்கதான."

"அப்ப யாருமே நம்பல."

"ஊருல ஒருத்தன் நம்பினதில்ல. அது ஒரு மரியாதை, பாத்துக்கிடுங்க. கல்யாண வீட்டுல பந்தி சரியில்லன்னாலும் நல்லாருந்துச்சுன்னு சொல்லிட்டு வருவோம்லா, அதுமாதிரி."

"மெஷின் நம்பிருச்சு, ஏட்டையா," என்றாள் ருக்சானா. "நாப்பது வருஷத்துல நீங்கல்லாம் எழுதினத நம்பின மொத ஆளு அதுதான்."

ஏட்டு எழுந்துபோய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். அவருக்குக் கோபமில்லை, ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிற்கிற மாதிரி இருந்தது. அந்தக் கூண்டுக்கு எத்தனையோ பேரை அனுப்பியவர், தாம் ஏறி நின்றதில்லை.

"யாருக்கும் கெடுதல் வராமத்தான் எழுதினேன். பிழைச்சுக்கிட்டவன் மேலேயே கேஸு போடுற காலம் அது. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக் கெடக்கிறவன் கையப் பிடிச்சு, 'எண்ணே, தெரியாமத் தின்னுட்டேன்னு சொல்லு'ன்னு சொல்லிக் குடுத்திருக்கேன். அதெல்லாம் பாவமா?"

"பாவம்னு சொல்லல. செத்தவங்களுக்கும் அவங்க வீட்டுக்கும் நல்லதுதான் செஞ்சிருக்கீங்க. அடுத்தாப்புல சாகப் போறவங்களுக்கு?"

ஏட்டு துண்டை உதறி மறு தோளில் போட்டுக்கொண்டார்.

அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். தை ஒன்றாம் தேதி துணையை மாநிலம் முழுவதும் விடப்போகிறார்கள். இன்னும் ஐந்து வாரம். அதற்குள் வயிற்று வலி என்கிற அடையாளத்தை அதிலிருந்து பிடுங்கி எறிய வேண்டும். அந்த இடத்தில் உண்மைக் காரணங்களை வைக்க வேண்டும். சட்டப்படி, இறந்தவரின் நெருங்கிய உறவினர் திருத்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் பழைய பதிவை மாற்றலாம். பழைய வழக்கு எதுவும் மறுபடி கிளறப்படாது என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்திருக்கிறது. குறைந்தது நூறு கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் இப்போது இருக்கிறபடியே விட்டுவிடுவார்கள். அது மாநிலம் முழுக்கப் பரோட்டா மாஸ்டர்களைத் துரத்திக்கொண்டு திரியும்.

"நாங்க போனா கதவத் தெறக்க மாட்டாங்க. நீங்க வந்தாத் தெறப்பாங்க. உங்களுக்கு நெசக் காரணமெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"கை எழுதினது வயித்து வலி. காதுல விழுந்தது பூராவும் அப்படியே இருக்கு," என்றார் ஏட்டு. "நல்ல தூக்கம் தூங்கிப் பல வருஷமாச்சு."

உள்ளே அவர் மனைவி ஆவுடையம்மாள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இவர்கள் பேசினது அவளுக்குக் கேட்டதோ இல்லையோ, அவள் வெளியே வரவில்லை.

மறுநாளிலிருந்து இருவரும் ஆபீஸ் காரில் கிளம்பினார்கள். முதல் வீடே சரிப்படவில்லை. பீடி சுற்றும் முத்துப்பேச்சி, ஏட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்து நாற்காலி போட்டாள். வந்த விஷயத்தைச் சொன்னதும் எழுந்து அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மருமக உள்ள நிக்கா. இந்த வீட்டுல இப்படி ஒரு பொம்பளப் பிள்ள இருந்துச்சுன்னே அவளுக்குத் தெரியாது. படத்தக்கூட நாங்க மாட்டல. நீங்க நல்லா எழுதித்தான குடுத்தீங்க ஏட்டையா, இப்பம் என்னத்துக்கு?"

"வேற யாருக்கும் இப்படி நடக்கக் கூடாதுன்னுதான்."

"வேற யாருக்கு நடந்தா எனக்கென்ன? என் பிள்ளைக்கு நடந்துட்டுல்லா," என்றாள் முத்துப்பேச்சி. கோபமாகச் சொல்லவில்லை. காப்பி கொடுத்துத்தான் அனுப்பினாள்.

இரண்டாவது வீடு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஞானதிரவியத்தினுடையது. இருபது வருஷத்துக்கு முன் அவர் மனைவி இறந்தபோது, நோவு தாங்காமல் போனவள் என்றால்தான் சபையில் கல்லறைத் தோட்டத்தின் உள்ளே இடம் தருவார்கள் என்று பதறி, வயிற்று வலி என்று எழுதச் சொன்னவர் அவரேதான். ஏட்டு பாதி சொல்லும்போதே மேசை இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்துவிட்டார்.

"எம் மக வருஷா வருஷம் வாய்வழியாக் குழாய விட்டு வயித்தப் பரிசோதிச்சுக்கிட்டு வாரா," என்றார். "அம்மாவுக்கு வந்த நோவு தனக்கும் வந்துருமோன்னு பயம். ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொன்னாலும் நம்ப மாட்டேங்கா. ஒங்க அம்மாவுக்கும் ஒண்ணும் இல்ல பிள்ளன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? இத்தன வருஷமா யாராவது வந்து கேப்பாங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன். இன்னைக்குத்தான் வந்திருக்கீங்க."

கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் போடுவது போல நிதானமாகப் போட்டார். மகளுக்குப் போன் பண்ண அப்போதே எழுந்தார். ஏட்டும் ருக்சானாவும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்துவிட்டார்கள்.

இப்படியே போயிற்று. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி வாசலிலேயே கும்பிட்டவர்கள் இருந்தார்கள். 'கோழை செத்த கதையை எதுக்குங்க பேசணும்' என்று தம்பியைப் பற்றிச் சொல்லிவிட்டு, தெருமுனை வரை காருக்குப் பின்னாலேயே நடந்துவந்து கையெழுத்துப் போட்ட அண்ணன் ஒருவர் இருந்தார். பத்து நாளில் முப்பத்தெட்டுக் கையெழுத்துச் சேர்ந்தது. சாத்தப்பட்ட கதவுகள் ஐம்பதுக்கு மேல்.

பதினோராவது நாள் வெயிலுகந்தாள் வீட்டுக்குப் போனார்கள். கீழத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறவள். அவள் புருஷனுக்கும் ஏட்டு வயிற்று வலிதான் எழுதியிருந்தார். அவள் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. படிவத்தை வாங்கிப் படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலே ஏட்டைப் பார்த்தாள்.

"நான் போட்டுத் தாரேன். அதுக்கு மின்ன ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீங்க. ஒங்க வீட்டுல என்ன எழுதுனீங்க ஏட்டையா?"

ஏட்டு படிவக் கட்டைக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"ஊர்ல எல்லார் வீட்டுக்கும் போறீங்க. ஒங்க வீட்டுத் தாள மொதல்ல போட்டுட்டு வாங்க. அன்னைக்கு நான் போடுதேன். நான் மட்டும் இல்ல, இந்தத் தெருவே போடும்," என்று சொல்லிவிட்டு மறுபடி மெஷினை ஓட்டத் தொடங்கினாள்.

காரில் ஏறினதும் ருக்சானா அவரைப் பார்த்தாள். கேட்கவில்லை. கேட்காததனாலேயே அவர் சொன்னார்.

"ஒரே பையன். சங்கரவேல். பத்தொம்பது வயசு. பதினாலு வருஷமாச்சு. அத நான் என் கையால எழுதல. நான் சொல்லச் சொல்லச் சின்ன ஏட்டு எழுதினாரு. அதான் உங்க இருநூத்தி இருபத்தாறுல வரல."

"நெசக் காரணம் தெரியுமா, ஏட்டையா?"

"நான்தான்," என்றார். "பத்து நாளா காலேஜுக்குப் போகல. புரொபசர் போன் பண்ணிச் சொல்லிட்டார். வீட்டுல வச்சுக் கேட்டிருக்கலாம். எனக்கு வந்த ஆத்திரத்துல ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி, எல்லாரும் இருக்கும்போது நிக்க வச்சு ஏசினேன். என்னவெல்லாமோ பேசிட்டேன். லாக்கப்புல இருந்த திருடன்கூட, 'விடுங்க ஏட்டையா, வயசுப் பிள்ள'ன்னான். மூணாம் நாள் போயிட்டான்."

ருக்சானா அவர் பக்கம் திரும்பினாள். "காரணம்னு ஒண்ணே ஒண்ணு இருக்காது, ஏட்டையா. எங்க டாக்டருங்க திரும்பத் திரும்பச் சொல்றது அதுதான்."

"இருக்கட்டும். எனக்கு இந்த ஒண்ணு போதும்." பிறகு கேட்டார்: "எங்க தாள்ல யாரு கையெழுத்துப் போடணும்?"

"அப்பா, அம்மா ரெண்டு பேரும்."

அங்கேதான் வந்து நின்றது. ஆவுடையம்மாளுக்கு அந்த ஸ்டேஷன் சங்கதி தெரியாது என்றுதான் அவர் பதினான்கு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறார். பையனுடைய பெயரைக்கூட அந்த வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. திருத்தப் படிவத்தில் உண்மையை எழுதினால், மகனைக் கொன்றவன் என்று அவர் பெயரை அவளே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதாவிட்டால் கீழத்தெரு கையெழுத்துப் போடாது, நூறு சேராது. ஒரு படிவத்தை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும்போது மணி ஐந்து. ஆவுடையம்மாள் கூடத்தில் மூங்கில் சொளகை மடியில் வைத்துக்கொண்டு முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து பல காலம், முழங்கால் ஒத்துழைக்காது. அதனாலேயே அவள் கையை நிறுத்தி அவரைப் பார்த்தாள்.

"என்னங்க?"

படிவத்தை நீட்டினார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தாள். மகன் பெயர் இருந்த இடத்தில் வெகுநேரம் நின்றாள். அதற்குக் கீழே 'உண்மையான காரணம்' என்று அச்சடித்து, ஒரே ஒரு கோடு போட்டிருந்தது.

"ஆவுடை, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அவன் போறதுக்கு மூணு நாளைக்கு மின்ன, ஸ்டேஷன்ல வச்சு அவன…"

"தெரியும்," என்றாள். "வந்து சொன்னான். 'அப்பா எல்லார் முன்னாலயும் ஏசிட்டாங்கம்மா'ன்னான். சோறு போட்டேன். திங்கல."

இத்தனை வருஷமும் இதை மனதில் வைத்துக்கொண்டா இவள் எனக்குச் சோறு போட்டாள் என்று ஏட்டு நினைத்தார்.

"ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"நீங்களும் சொல்லலையே. ஆத்திரத்துல பெத்தவன் ஏசுறதுதான். அதுக்காகவா ஒரு பிள்ள போகும்னு நான் நெனைச்சேன். நான்தான் பாவி."

"நீ என்ன செஞ்ச? நான்தான் போதாக்கொறைக்குப் பொய்யும் எழுத வச்சேன். பெத்த பிள்ளைக்கு வயித்து வலின்னு…"

"பொய்யா?"

ஆவுடையம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். "அது எப்படிப் பொய்யாவும்? நான் சொன்னதத்தான நீங்க எழுதச் சொன்னீங்க?"

"நீ என்ன சொன்ன?"

"ஆஸ்பத்திரி வாசல்ல வச்சுச் சொன்னேனே. 'பிள்ள பத்து நாளா வயிறு வலிக்கு, வயிறு வலிக்குன்னான், ஓமத் தண்ணியப் போட்டுக் குடுத்துட்டுச் சும்மா இருந்துட்டேனே, ஒரு டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போகலையே'ன்னு அழுதேனே. நீங்க பக்கத்துலதான நின்னீங்க."

நின்றார். அது அவர் காதில் விழவும் செய்தது. அப்போதுதான் சின்ன ஏட்டிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அதை எப்படியோ தெரிந்துகொண்டு, கூடியிருந்த ஜனங்களுக்காக இவளும் அப்படியே சொல்லி அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். இருபது வருஷமாக ஆஸ்பத்திரி வாசலில் எத்தனையோ தாய்மார்கள் அப்படிச் சொல்லி அழப் பார்த்தவர் அவர். கெட்டிக்காரி, சமாளித்துவிட்டாள் என்று அந்த நேரத்திலும் ஒரு நிம்மதி வந்தது. மகனைப் பற்றி அவன் தாய் சொன்ன ஒரே உண்மையை, தாம் சொல்லிக்கொடுத்த பொய் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

"டாக்டர்ட்டப் போயிருந்தாலும் வயித்துல ஒண்ணும் இருந்திருக்காது, ஆவுடை."

"இப்பம் தெரியுது. எட்டு வருஷம் கழிச்சு டி.வி.யில ஒரு டாக்டரம்மா, மனசுக்குள்ள உள்ளத வயித்து வலின்னு சொல்லுவாங்கன்னு பேசுனா, அப்பம்தான் எனக்கு வெளங்கிச்சு. அவன் வேற என்னன்னு சொல்லுவான், சொல்லுங்க. ஒண்ணாப்புலேர்ந்து லீவு லெட்டர்ல வயித்து வலின்னுதான எழுதிக் குடுத்தோம். மனசு சரியில்லன்னு இந்த வீட்டுல ஒரு ஆளு ஒரு நா படுத்திருக்கோமா? அப்படிச் சொன்னா, 'தின்ன கொழுப்பு'ம்பீங்க. நானும்தான் சொல்லுவேன். வயிறு வலிக்குன்னா நான் பக்கத்துல வந்து உக்காந்து தடவிக் குடுப்பேன். அதுக்காகத்தான் சொல்லிருக்கான்."

கோமதிநாயகம் அழுதார். மகன் இறந்த அன்று, ஆகவேண்டிய காரியங்களைப் பார்க்க வேண்டும் என்று அழாமல் இருந்தவர். சொளகைத் தள்ளி வைத்துவிட்டு ஆவுடையம்மாளும் அழுதாள். முன்னறையில் செல்போன் அடித்தது. இரண்டாவது தடவை அடித்தபோதுதான் அவர் எழுந்து போனார்.

ருக்சானாதான். கீழத்தெருவில் இன்னொரு தடவை பேசிப் பார்க்கலாமா என்று கேட்பதற்காகக் கூப்பிட்டிருந்தாள்.

"எம்மா, அத விடுங்க. நாம எழுதி வாங்கின முப்பத்தெட்டுத் தாளையும் எடுத்துப் பாருங்க. மின்னாடி வயிறு வலிக்குன்னு சொன்னதா எவனாவது எழுதிருக்கானா?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "பத்தொம்பது பேர் எழுதியிருக்காங்க. அத நாங்க எடுத்துக்கிடல, ஏட்டையா. பழைய பொய்ய மறக்க முடியாமத் திரும்பச் சொல்றாங்கன்னு ஒதுக்கிட்டோம்."

"பொய் இல்லம்மா. அவங்க சொல்லிருக்காங்க. சொல்லத் தெரிஞ்ச ஒரே வலி அதுதான். சரி, அந்தப் பதினொரு பேரையும் மெஷின் ஏன் பிடிக்கல?"

"அவங்க மெடிக்கல்ல ஒண்ணும் வாங்கலையே."

"ஓமத் தண்ணிக்கும் சுக்குக்கும் மெடிக்கல்ல பில்லு போடுவானா?"

ஏட்டுக்கு இன்னொன்று தட்டியது. முப்பது வருஷம் போலீசில் இருந்த மூளை, துக்கத்திலும் சும்மா இருக்காது.

"இன்னொண்ணு சொல்லுங்க. அந்த அறுபத்து மூணு பேர், சிவப்புப் பட்டியல். அவ்வளவும் தப்புன்னு எத வச்சு முடிவு பண்ணுனீங்க?"

"ஒருத்தர்கூட சாகலையே, ஏட்டையா. சிவப்புன்னு சொன்ன அத்தன பேரும் நல்லா இருக்காங்க. அதனாலதான்…"

"நீங்க அவங்க வீட்டுக்குப் போனீங்கல்லா?"

"போனோம்."

"உக்காந்து பேசுனீங்கல்லா?"

"பேசினோம். சில வீட்டுல ரெண்டு மணி நேரம்கூட. சாகற எண்ணம் இருக்கான்னு கேட்டா எல்லாரும் இல்ல, வயித்து வலிதான்னு சொன்னாங்க. அப்புறம் என்னென்னவோ பேசிக்கிட்டு…" அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்து நின்றுவிட்டது.

"பெறவு அவன் ஏன் சாவான்?" என்றார் ஏட்டு.

"எல்லாரும் அப்படின்னு சொல்ல முடியாது. பரோட்டா மாஸ்டருக்கு நெசமாவே வயித்துல கேஸ்தான்."

"இருக்கட்டும். எத்தன பேருக்குக் கேஸு, எத்தன பேருக்கு இல்லன்னு உங்களால பிரிச்சுச் சொல்ல முடியுமா?"

"முடியாது. ஏட்டையா, தப்புப் பட்டியல்னு சொல்லி, அந்த வீடுகளுக்குப் போறத நாங்க மூணு வாரம் முன்னாடியே நிறுத்திட்டோம்."

"மணி அஞ்சே முக்கால்தான் ஆவுது. பொழுது கெடக்கு. எல்லாரையும் இன்னைக்கே பாக்கச் சொல்லுங்க."

அவள் போனை வைக்கக்கூட இல்லை. அடுத்த அறையில் இருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், நாற்காலிகள் நகர்வதும் இவர் காதில் விழுந்தன. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு இவரே அணைத்தார்.

கூடத்துக்கு வந்தபோது ஆவுடையம்மாள் முகத்தைக் கழுவிவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, படிவத்தைப் பழைய காலண்டர் அட்டை மேல் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். கோடு போட்ட ஒற்றை வரி எப்போதோ நிறைந்துவிட்டது. ஓரத்தில் எழுதி, கையெழுத்துப் போட விட்டிருந்த இடத்திலும் எழுதி, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் பாதிக்கு வந்திருந்தாள். ஏட்டு என்ன எழுதுகிறாள் என்று எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொளகை இழுத்து, மிச்சமிருந்த கீரையை உருவத் தொடங்கினார். பழக்கமில்லாத வேலை; காம்பும் சேர்ந்தே வந்தது.

அவள் நிமிரவே இல்லை. நடுவில் ஒரு தடவை மட்டும், "அவன் ஆறாப்புப் படிக்கும்போது சைக்கிள் தொலைச்சானே, அது எந்த மாசம்?" என்று கேட்டாள்.

"ஐப்பசி," என்றார். "மழை பெஞ்சுது."

அதையும் எழுதிக்கொண்டாள். பின்பக்கம் முடிந்ததும் பேனாவை மூடாமல் கையில் வைத்துக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"இன்னொரு தாள் இருக்கா?"

ஏட்டு எழுந்து தேடப் போனார்.